மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும்? ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன்: ஓர் ஒப்பீடு

மடிக்கணினியின் மூடியைச் சாத்துவது ஒரு நாளில் பலமுறை நாம் செய்கிற காரியம். சாத்தியபின் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதை நம்மில் பெரும்பாலோர் யோசித்துத் தீர்மானித்ததில்லை. தயாரித்தவர் வைத்து அனுப்பிய அமைப்பு எதுவோ, அதுவே நம் தீர்மானமாகிவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் ஏறியபோது, 90 சதவீத சார்ஜுடன் இருந்த புதிய மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன். ஒன்பது மணி நேரம் கழித்துப் பையைத் திறந்தால், அதன் அடிப்பாகம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. மூடி சாத்தியபடியே உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சார்ஜ் 11 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அன்று காலை பத்து மணிக்கு அந்தக் கணினியை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. சேவை மையத்தில் காட்டியபோது கணினியில் பழுது எதுவும் இல்லை என்றார்கள். அதன் அமைப்பில் எழுதியிருந்தபடி, அது இரவு முழுவதும் ‘ஸ்லீப்’ நிலையில்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் கவனித்து வருகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிலை குறைவாக மின்சாரம் எடுக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் சரியான விடை கிடைக்காது. கணினியை அடுத்து எப்போது திறக்கப் போகிறோம், அதுவரை அது மேசைமேல் இருக்குமா பைக்குள் இருக்குமா என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டால், எதைத் தேர்வது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் விண்டோஸ் கணினிகளே மிகுதி என்பதால் அவற்றை வைத்தே எழுதுகிறேன். மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகப் பிறகு சொல்கிறேன். மெனுவில் தெரிகிற ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. படிக்கிறவர் அந்தப் பெயர்களைத் திரையில் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இந்த நிலைகளுக்கு ஒழுங்கான இலக்கணம் 1996 டிசம்பரில் வந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொதுவரையறையை வெளியிட்டன. கணினி முழுமையாக இயங்கும் நிலைக்கு எஸ்0 என்றும், முழுதும் அணைந்த நிலைக்கு எஸ்5 என்றும் பெயரிட்டு, இடையில் உள்ள உறக்கங்களை ஆழத்தின் வரிசையில் அது எண்ணிட்டது. அன்றாடப் பயன்பாட்டில் நமக்கு அவற்றில் இரண்டு போதும். எஸ்3 என்பது, செயலியும் (சிபியு) திரையும் வட்டும் அணைந்து, ரேம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் நிலை. எஸ்4 என்பது, ரேமில் இருந்தவற்றை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும் நிலை. ஹைபர்னேட் என்பது இதுதான்.

விறகடுப்பு இருந்த வீடுகளில் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்துவிட்டு, காலையில் சாம்பலை விலக்கி ஊதிப் பற்றவைப்பார்கள். எஸ்3 உறக்கம் அதைப் போன்றது. மூடியைத் திறந்த ஓரிரு நொடியில் திரை வந்துவிடும். விட்ட இடத்தில் வேலை நிற்கும். ஆனால் உள்ளே தணல் இருக்கிறவரை அது கொஞ்சமேனும் தின்றுகொண்டுதான் இருக்கும். தின்ன எதுவும் இல்லாமற்போனால் அணைந்துவிடும். ரேமில் சேமிக்கப்படாமல் இருந்த வேலையும் அதோடு போய்விடும். எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியும், உறக்கத்தில் அரை வாட் எடுக்கும் மடிக்கணினியும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஒரு சதவீதம் குறையும். ஓர் இரவில் எட்டு சதவீதம் என்பது பொருட்டல்ல. வெள்ளி மாலை மூடி திங்கள் காலை திறப்பவருக்கோ அறுபது சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். ஹைபர்னேட் நிலையிலும் பேட்டரியின் சார்ஜ் தானாகக் குறைவது கொஞ்சம் உண்டு என்றாலும், கணினி எதையும் எடுப்பதில்லை என்றே சொல்லிவிடலாம்.

ஒரே பெயரில் இரண்டு உறக்கங்கள்

மேலே சொன்னது பழைய ஸ்லீப். இன்று கடையில் வாங்குகிற பல மடிக்கணினிகளில் அந்த எஸ்3 கிடையாது. 2012 இல் விண்டோஸ் 8 உடன் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரிலும், 2015 இல் விண்டோஸ் 10 உடன் விரிவுபெற்று ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரிலும் வேறொரு முறை வந்தது. கைபேசியை எடுத்த உடனே அது விழித்துக்கொள்வதுபோலக் கணினியும் விழிக்க வேண்டும், மூடியிருக்கும்போதும் மின்னஞ்சல் வந்து சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஏசிபிஐ கணக்கில் பார்த்தால் கணினி எஸ்0 நிலையிலேயே இருக்கிறது. திரை அணைந்திருக்கும், செயலி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓய்ந்திருக்கும், அவ்வப்போது ஒரு கணம் விழித்து வேலை பார்த்துவிட்டு மறுபடி ஓயும்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும்போது பழைய ஸ்லீப்புக்குச் சளைத்ததல்ல என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒழுங்கு என்பது பலர் கையில் இருக்கிறது. வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர், பின்னணியில் ஓடும் வேறொரு மென்பொருள், செருகியே விட்ட யுஎஸ்பி கருவி, இரவில் இறங்கும் ஒரு புதுப்பிப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று செயலியை ஆழ்ந்த ஓய்வுக்குப் போகவிடாமல் தடுத்தாலும் போதும். கணினி மூடியபடியே விழித்திருக்கும். பேருந்தில் எனக்கு நேர்ந்தது இதுதான். ஒன்பது மணி நேரத்தில் 79 சதவீதம் என்றால், 50 வாட்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 40 வாட்-மணி செலவாகியிருக்கிறது. சராசரியாக ஏறத்தாழ நான்கரை வாட். திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கணினியை ஓடவிட்டால் எவ்வளவு ஆகுமோ அதற்கு நெருக்கமான அளவு அது. மேசைமேல் இருந்தால் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். பஞ்சு வைத்த பைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம்போல் ஆயுளைக் குறைப்பது வேறில்லை என்பதால், ஓர் இரவின் சார்ஜ் போனதைவிட அதுதான் பெரிய இழப்பு.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது பெயர்தான். எஸ்3 இருக்கும் கணினியிலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கும் கணினியிலும் மெனுவில் இருப்பது அதே ‘ஸ்லீப்’ என்ற ஒரே சொல். இரண்டின் நடத்தையும் வேறு, அவற்றில் உள்ள ஆபத்தும் வேறு. பத்தாண்டுகளாக ஒரு கணினியை மூடிப் பையில் வைத்துப் பழகியவர் புதிய கணினியிலும் அதையே செய்வார். செய்யக் கூடாது என்று அவருக்குத் திரையில் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை.

உங்கள் கணினியில் எது இருக்கிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். இருக்கும் நிலைகளும் இல்லாத நிலைகளும் பட்டியலாக வரும். அதில் எஸ்3 இருந்தால் பழைய ஸ்லீப். ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. இரண்டாவது வகை என்றால், அதே கட்டளையுடன் சாய்கோடும் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்ற சொல்லும் சேர்த்தால் ஓர் அறிக்கை உருவாகும். ஒவ்வோர் உறக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போயிற்று, எந்தக் கருவி அல்லது மென்பொருள் கணினியை உறங்கவிடவில்லை என்பது அதில் எழுதியிருக்கும். புதுக் கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறை இருந்தால் மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள் தெரிந்துவிடும்.

மறைத்து வைக்கப்பட்ட ஹைபர்னேட்

குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும் விலங்குகளின் பெயரில் வழங்கும் ஹைபர்னேட்தான், பைக்குள் வைக்கப்போகும் கணினிக்கு ஏற்ற நிலை என்பது என் உறுதியான கருத்து. திறந்திருந்த கோப்புகளும் உலாவியின் தாவல்களும் அப்படியே திரும்பி வரும். மின்சாரம் வேண்டாம், சூடேறாது, பேட்டரி முற்றிலும் தீர்ந்தாலும் வேலை அழியாது. இவ்வளவு இருந்தும், விண்டோஸ் 8 தொட்டு இது பவர் மெனுவில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் திறந்து, மங்கலாகத் தெரியும் அமைப்புகளை மாற்ற அனுமதி கேட்கும் இணைப்பை அழுத்தி, அதன்பின் ஹைபர்னேட் என்பதற்கு எதிரே குறியிட வேண்டும். நான்கு படிகளைத் தாண்டி ஒருவர் தானாக இதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஹைபர்னேட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவை மூன்று. முதலாவது, தாமதம். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்த காலத்தில் இது உண்மையான குறை. நொடிக்கு 100 எம்பி எழுதும் வட்டில் 4 ஜிபி எழுத 40 நொடி ஆகும். திறக்கும்போது மறுபடி அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 40 நொடிக்குள் கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சுழலும் வட்டுக்கும் ஆபத்து. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை வட்டு வந்தபின் இந்தக் கணக்கு மாறிவிட்டது. வேகம் குறைந்த சாட்டா வகை எஸ்எஸ்டிகூட நொடிக்கு 500 எம்பி அளவில் எழுதுவதால், அதே 4 ஜிபி எட்டு நொடியில் முடிந்துவிடும்.

இரண்டாவது, எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற அச்சம். நாளுக்கு இருமுறை ஹைபர்னேட் செய்து, ஒவ்வொரு முறையும் 4 ஜிபி எழுதினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டெராபைட் ஆகும். 250 ஜிபி எஸ்எஸ்டிகளில் 150 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளரே உறுதி தரும் வகைகள் உண்டு. அந்த அளவை ஹைபர்னேட் மட்டும் தொடுவதற்கு ஐம்பது ஆண்டுகள் வேண்டும். இந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

மூன்றாவது, இடம். ஹைபர்னேட்டுக்கான கோப்பை விண்டோஸ் சி டிரைவில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது. விண்டோஸ் 10 இல் அதன் இயல்பான அளவு ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இது 6.4 ஜிபி. 128 ஜிபி எஸ்எஸ்டி மட்டுமே உள்ளவருக்கு இது சுமைதான். ஆகவே ‘சி டிரைவில் இடம் பண்ண வழிகள்’ என்று சுற்றிவரும் குறிப்புகளில் ஹைபர்னேட்டை அணைத்துவிடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்கிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கும்போது விண்டோஸ் வழக்கமாகச் செய்வது ஹைபர்னேட்தான். கடைசி நேரத்தில் வேலையைக் காப்பாற்றும் வலை அது. அந்தக் கோப்பை நீக்கினால் வலையும் போய்விடும். சில ஜிபி இடத்துக்காக அதை இழப்பது எனக்குச் சம்மதமில்லை. இடம் வேண்டுமானால் டவுன்லோட்ஸ் கோப்புறையில் முதலில் தேடலாம்.

நான் ஒத்துக்கொள்கிற குறை வேறொன்று. சில கணினிகளில், ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தபின் வைஃபையோ ஒலியோ கைரேகைக் கருவியோ வேலை செய்யாமல் நிற்கும். டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் சரியாகாத கணினிக்கு முழு ஷட் டவுன்தான் வழி.

நிறுத்தியும் நிற்காத ஷட் டவுன்

ஷட் டவுன் என்றால் எல்லாம் அணைந்து, அடுத்த முறை புதிதாகத் தொடங்கும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அது இயல்பாக அப்படி நடப்பதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாட்டின்படி, ஷட் டவுன் கொடுத்ததும் நாம் திறந்துவைத்த மென்பொருள்கள் எல்லாம் மூடப்பட்டு நம் கணக்கு வெளியேற்றப்படுகிறது. ஆனால் விண்டோஸின் கருப்பகுதியும் டிரைவர்களும் ஹைபர்னேட் கோப்பில் எழுதிவைக்கப்படுகின்றன. மறுநாள் கணினி தொடங்கும்போது அந்தக் கோப்பிலிருந்து அவை அப்படியே திரும்புகின்றன. நம் வேலை மட்டும் போய்விட, விண்டோஸின் பழைய கோளாறு பத்திரமாகத் திரும்பி வருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

என் அக்கா பள்ளி ஆசிரியை. அவளுடைய கணினியில் பிரின்டர் இருந்திருந்து வேலை செய்யாமல் நிற்பதாக மாதக்கணக்கில் சொல்லிவந்தாள். ஒருமுறை நிறுத்திவிட்டுத் தொடங்கிப் பார் என்று நானும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். “தினமும் ராத்திரி நிறுத்திட்டுத்தானேடா படுக்கிறேன்” என்பாள். நேரில் போனபோது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற எண்ணைப் பார்த்தேன். 41 நாட்கள் என்று காட்டியது. நாற்பத்தொரு இரவும் அவள் நிறுத்தியது உண்மை. கணினியின் கணக்கில் அது ஒருமுறைகூட நின்றதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தோம், பிரின்டர் வேலை செய்தது. ரீஸ்டார்ட்டில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கிடுவதில்லை, எல்லாம் புதிதாகவே தொடங்கும் என்ற செய்தி அவளுக்கு மட்டுமல்ல, அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் அன்றுவரை தெரியாது. நான் சொன்ன தவறான யோசனைக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு மெனுவில் உள்ள சொல், தான் சொல்வதைச் செய்யாமல் வேறொன்றைச் செய்வது பயன்படுத்துவோருக்கு இழைக்கும் தவறு என்றே நான் கருதுகிறேன். ஹார்டு டிஸ்க் இருந்த காலத்தில் கணினி தொடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் மிச்சமாவது சில நொடிகள்தாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கும் இடம், ஹைபர்னேட்டுக்குக் குறியிட்ட அதே பக்கத்தில் இருக்கிறது. அணைக்காமல் விட்டாலும், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுமையாக அணையும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புடன் நிறுத்திய விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதி பாதி உறக்கத்தில் இருப்பதால், லினக்ஸிலிருந்து அதில் எழுத முற்பட்டால் அனுமதி கிடைக்காது. வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடும்.

பூட்டும் சாவியும்

பேட்டரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதுகாப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஸ்லீப்பில் இருக்கும் கணினியின் ரேமில், வட்டைப் பூட்டிய மறையாக்கச் சாவியும் இருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் ரேமில் உள்ளவை சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை அழியாமல் நிற்கின்றன, குளிர்வித்தால் இன்னும் நீண்ட நேரம் நிற்கின்றன, அதிலிருந்து சாவியை எடுத்துவிடலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியோரும் 2008 இல் செய்துகாட்டினார்கள். பேருந்தில் பையைத் திருடும் ஒருவர் இதைச் செய்யப் போவதில்லை. வாடிக்கையாளரின் கணக்குகளையோ நோயாளிகளின் விவரங்களையோ வழக்குக் கட்டுகளையோ கணினியில் சுமந்து திரிபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கருடன், தொடக்கத்தில் கேட்கும் ரகசிய எண்ணையும் வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது ஹைபர்னேட் அல்லது முழு ஷட் டவுன் செய்தால், சாவி ரேமில் இருக்காது. அந்த எண் வைக்காவிட்டால் ஹைபர்னேட் மட்டும் பெரிய காப்பு ஆகாது. ஏனென்றால் கணினியைத் திறந்தவுடன் அது சாவியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

மேசைக் கணினிக்குக் கணக்கு வேறு

மேசைக் கணினியில் பேட்டரி இல்லை. ஸ்லீப்பில் இருக்கும்போது மின்சாரம் போனால் ரேமில் இருந்ததெல்லாம் அந்தக் கணமே போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படுவது தமிழ்நாட்டில் வழக்கம்; கணினிக்கென வைக்கும் சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த ‘ஹைப்ரிட் ஸ்லீப்’ இதற்காகவே உண்டானது. வட்டிலும் எழுதிவிட்டு ரேமிலும் வைத்துக்கொண்டு அது உறங்கும். மின்சாரம் இருந்தால் உடனே எழும். போயிருந்தால் வட்டிலிருந்து எழும். உங்கள் மேசைக் கணினியில் எஸ்3 இருந்தால், பவர் ஆப்ஷன்ஸின் விரிவான அமைப்புகளில் ஸ்லீப் என்ற தலைப்பின்கீழ் இது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹைபர்னேட்டை அணைத்தவர்களுக்கு இதுவும் இருக்காது.

மின் கட்டணத்தை எண்ணி ஸ்லீப்பைத் தவிர்ப்பவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஸ்லீப்பில் 3 வாட் எடுக்கும் மேசைக் கணினி நாளுக்கு 16 மணி நேரம் உறங்கினால், இரண்டு மாதக் கணக்கில் ஆவது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. உறங்கவிடாமல் 50 வாட்டில் சும்மா ஓடவிட்டால் அதே நேரத்துக்கு 48 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று கணக்கிடப்படும் வீட்டில் இது ஏறத்தாழப் பாதி. ஆக, ஸ்லீப்பா ஷட் டவுனா என்பதில் மிச்சமாவது சில்லறை. எதுவுமே செய்யாமல் எழுந்து போகும் பழக்கத்தை மாற்றுவதில்தான் பணம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் திரை அணையவும், அரை மணியில் ஸ்லீப்புக்குப் போகவும் அமைத்துவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

கணினி நடு இரவில் தானாக விழிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் புதுப்பிப்புக்காக வைக்கப்பட்ட ‘வேக் டைமர்’, அல்லது மேசை அசைந்ததும் எழுப்பிவிடும் மவுஸ். விரிவான அமைப்புகளில் வேக் டைமரை அணைக்கலாம். டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்கு எழுப்பும் அனுமதியை நீக்கலாம்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆப்பிளின் மடிக்கணினிகள் மூடியதும் ரேமில் உள்ளதை வட்டிலும் பிரதியெடுத்துவிட்டு உறங்குவதை இயல்பாகவே கொண்டவை; பேட்டரி தீர்ந்தாலும் வேலை தப்பிக்கும். லினக்ஸில் ‘சஸ்பெண்ட் தென் ஹைபர்னேட்’ என்ற அருமையான ஏற்பாடு உண்டு. முதலில் உறங்கி, குறித்த நேரம் கடந்தபின் தானே ஹைபர்னேட்டுக்கு மாறும். ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஹைபர்னேட் இயல்பாக இயங்காது. ரேமில் உள்ளதை எழுதிவைக்க வட்டில் போதிய ‘ஸ்வாப்’ இடம் ஒதுக்கி நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். கணினியோடு மல்லுக்கட்ட நேரம் இல்லாதவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நான் அமைத்துக்கொண்ட விதம்

விண்டோஸிலும் அந்த லினக்ஸ் ஏற்பாட்டைப் பெருமளவு அமைத்துக்கொள்ளலாம். மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற பக்கத்தில், பேட்டரியில் இருக்கும்போது ஒன்றும், சார்ஜரில் இருக்கும்போது ஒன்றும் எனத் தனித்தனியே தேர்வு செய்யும் இரண்டு பத்திகள் இருக்கின்றன. என் கணினி மாடர்ன் ஸ்டாண்ட்பை வகை. சார்ஜரில் இருக்கும்போது மூடினால் ஸ்லீப். அது மேசைமேல் இருக்கிறது என்று பொருள், சிறிது நேரத்தில் திரும்பி வருவேன். பேட்டரியில் இருக்கும்போது மூடினால் ஹைபர்னேட். அனேகமாகப் பைக்குள் போகப் போகிறது. ஆகவே கிளம்பும்போது முதலில் சார்ஜரை உருவிவிட்டுப் பிறகு மூடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். இந்த வரிசை முக்கியம். மூடிவிட்டு உருவினால் சார்ஜருக்கு வைத்த ஸ்லீப் அமைப்புதான் நடக்கும், ஹைபர்னேட் நடக்காது. வாரம் ஒருமுறை, வெள்ளி மாலையில், ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன்.

எஸ்3 இருக்கும் பழைய கணினி என்றால் நான் இவ்வளவு கடுமை காட்டமாட்டேன். இரண்டு பத்தியிலும் ஸ்லீப் வைத்துவிட்டு, விரிவான அமைப்புகளில் ‘ஹைபர்னேட் ஆஃப்டர்’ என்ற இடத்தில் 120 நிமிடம் என்று கொடுத்துவிட்டால் போதும். மதிய உணவுக்குப் போய்வருபவருக்கு உடனே திறக்கும். இரவு முழுவதும் மூடிவைப்பவருக்குச் சார்ஜ் போகாது. அலுவலகம் தந்த கணினியில் இந்த அமைப்புகள் பூட்டப்பட்டிருந்தால், கணினிப் பிரிவினரிடம் கேட்டு மூடிக்கான அமைப்பை மட்டுமாவது மாற்றித் தரச் சொல்லலாம். கிடைக்காவிட்டால், பையில் வைக்கும் முன் ஷிஃப்ட் விசையுடன் ஷட் டவுன்.

அக்காவின் கணினிக்கு இரண்டு பத்தியிலும் ஹைபர்னேட் வைத்தேன். வினாத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். அடுப்பில் பால் பொங்கினால் சேமிக்காமலேயே மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போவாள். திரும்பி வருவது பத்து நிமிடத்திலா மறுநாள் பள்ளியிலா என்பது அவளுக்கே தெரியாது. சார்ஜரை முதலில் உருவு என்ற விதியை அவள்மேல் ஏற்றுவது முறையாகாது என்று தோன்றியது. மூடியைத் திறந்து பவர் பொத்தானை அழுத்திய பிறகு திரை வரப் பதினைந்து நொடி ஆகிறது. முதல் வாரம் அதைச் சொல்லிக் குறைப்பட்டாள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் சார்ஜர் வீட்டிலேயே நின்றுவிட, கணினி இரண்டு நாள் பள்ளி அலமாரியில் கிடந்தது. மூன்றாம் நாள் திறந்தபோது, பதினேழாம் கேள்வியின் நடுவில் அவள் விட்ட சொல்லுக்குப் பக்கத்திலேயே கர்சர் நின்றது.